மூன்று நெறிக்கட்டி, ஒரு நீல ஊசி: சென்டினல் நோட் பயாப்ஸி, ஒரு தையல்காரியின் விமர்சனம்

மிக்ஸி, குக்கர், தையல் மெஷின் மோட்டார் என்று வாங்கியதற்கெல்லாம் விமர்சனம் எழுதிப் பழகிய கை இது. ஆபரேஷனுக்குமா எழுதுவாய் என்று மகள் கேட்டாள். ஏன் கூடாது, காசு கொடுத்தது நான்தானே, உடம்பும் என்னுடையதுதானே. அதுவும் போக, நான் ஆபரேஷனுக்கு முன்னால் தேடியபோது தமிழில் இதைப் பற்றி அனுபவப்பட்டவர் எழுதிய ஒரு பத்தி கூடக் கிடைக்கவில்லை. அதனால் மருத்துவமனை பெயரையும் டாக்டர் பெயரையும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நான் திருச்சியில் 22 வருஷமாக ப்ளவுஸ் தைக்கிறேன். என் அளவு நோட்டில் மூன்று பேருக்கு மட்டும் கைச்சுற்று இரண்டு தடவை எழுதியிருக்கும், வலது இவ்வளவு, இடது இவ்வளவு என்று. அதில் ஒருவர் என் சித்தி. 2008ல் அவருக்கு மார்பில் ஆபரேஷன் செய்தபோது அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் மொத்தமாக வழித்து எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அதுதான் அவருக்குச் செய்யவேண்டியதாக இருந்திருக்கலாம், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்குள் கை வீங்க ஆரம்பித்து, இப்போது இடது கைச்சுற்று 11 அங்குலம், வலது 14½. வலது கையில் வளையல் ஏறாது. வெயில் காலத்தில் கை கனக்கிறது என்பார். ஒரு கொசுக்கடியைச் சொறிந்துவிட்டால் போதும், கை முழுக்கச் சிவந்து காய்ச்சல் வந்து ஆண்டிபயாடிக் வரைக்கும் போய்விடும். அவர் ப்ளவுஸுக்கு அக்குளில் முக்கோணத் துண்டு வைத்து, ஒரு கைக்கு ஒரு பேப்பர், மறு கைக்கு வேறொரு பேப்பர் என்று வெட்டுவேன். நிணநீர் வீக்கம் என்று அதற்குப் பெயர் இருப்பது எனக்குத் தெரியவந்தது ரொம்பப் பின்னால்.

ஆக, என் வலது மார்பில் 2.6 செ.மீ. கட்டி, அது புற்றுநோய்தான் என்று ஊசி பயாப்ஸியில் வந்தபோது நான் டாக்டரிடம் கேட்ட இரண்டாவது கேள்வி கையைப் பற்றியது. முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான். அவர் சொன்னார், "அக்குள் ஸ்கேனில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லையம்மா. சென்டினல் நோட் மட்டும் எடுத்துப் பார்ப்போம். அது சுத்தமாக இருந்தால் மற்றதைத் தொடமாட்டோம்."

இது என்ன என்பதைக் காவிரிக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். மார்பிலிருந்து வடியும் நிணநீர் வாய்க்கால் மாதிரி அக்குளுக்குப் போகிறது. அங்கே கணுக்கள் (நெறிக்கட்டி என்று நான் சொன்னது இவற்றைத்தான்) அடுத்தடுத்து மடை மாதிரி இருக்கின்றன. நோய் கட்டியிலிருந்து கிளம்பினால் பெரும்பாலும் முதல் மடையில்தான் முதலில் தங்கும். அந்த முதல் ஒன்றோ இரண்டோ மூன்றோ கணுக்கள்தான் சென்டினல், அதாவது காவல் நிற்கிற கணுக்கள். அவை சுத்தம் என்றால் பின்னால் இருப்பதும் அநேகமாகச் சுத்தம். எது முதல் மடை என்று கண்ணால் பார்த்துத் தெரியாது, அதனால் வாய்க்கால் தலைப்பில் சாயத்தைக் கலந்துவிட்டு எது முதலில் நீலமாகிறது என்று பார்க்கிறார்கள். இவ்வளவுதான் விஷயம்.

இவ்வளவு எளிமையான யோசனை மார்பகப் புற்றுநோய்க்கு வந்து சேர்ந்தது 1990களில்தான் என்று மகள் படித்துச் சொன்னாள் (பி.பார்ம். படிக்கிறாள், இனி வரும் எண்களெல்லாம் அவள் தேடி எடுத்தவை). 1992ல் அமெரிக்காவில் டொனால்டு மார்ட்டன் என்பவர் தோல் புற்றுநோயில் நீலச் சாயத்தை வைத்துச் செய்து காட்டினார். 1993ல் டேவிட் கிராக் கதிரியக்க மருந்தை வைத்தும், 1994ல் அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தை வைத்தும் மார்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2003ல் இத்தாலியில் மிலான் நகரத்து வெரோனேசி குழு 516 பெண்களை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வின் முடிவை வெளியிட்டது. அப்புறம் 5,611 பெண்களை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பி-32 ஆய்வு, சென்டினல் சுத்தமாக இருந்தவர்களில் மீதியை வழித்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை என்று 2010ல் சொல்லிவிட்டது. இதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்ததா என்றால், வரவில்லை. சித்தியின் கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, சேவைக்கு வருகிறேன். முதல் புகார் பெயரைப் பற்றி. இதற்கு ஏன் பயாப்ஸி என்று பெயர் வைத்தார்கள்? எங்கள் வீட்டில் மாமியார் தொடங்கி எதிர்வீட்டுக்காரர் வரை, "பயாப்ஸிதான் எடுத்தாச்சே, மறுபடி எதுக்கு?" என்றார்கள். அவர்களைக்கூட விட்டுவிடலாம், காப்பீட்டு நிறுவனத்திலிருந்தும் இதே கேள்வி எழுத்தில் வந்தது. மார்பில் எடுத்தது கட்டி என்ன வகை என்று பார்க்க, அக்குளில் எடுப்பது நோய் அங்கே போய்விட்டதா என்று பார்க்க, இரண்டும் வேறு என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பி, பணம் வர ஏழு வாரம் ஆனது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி விளக்கமாக எழுதியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. நீங்கள் போனால் அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை அடித்தளத்தில் இருந்த நியூக்ளியர் மெடிசின் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். கதவில் மஞ்சள் நிறத்தில் கதிரியக்க எச்சரிக்கைப் படம். உள்ளே போனதும் ஒருவர் இன்றைக்குக் கைக்குழந்தையைத் தூக்காதீர்கள் என்றார், இன்னொருவர் அதெல்லாம் தேவையே இல்லை என்றார், இருவரும் ஒரே அறையில் நின்றுகொண்டு. எனக்குத் தூக்கக் குழந்தை இல்லை, அதனால் சண்டை போடவில்லை. சாயம் மாதிரியே முதல் கணுவைக் காட்டிக்கொடுக்கிற கதிரியக்க மருந்து இது, பெயர் டெக்னீஷியம் 99எம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துவிடும், அளவும் மிகக் கொஞ்சம், அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று பிற்பாடு மயக்க மருந்து டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அதை அந்த அறையிலேயே சொல்லியிருக்கலாம்.

ஊசி வலிக்குமா? வலிக்கும். மழுப்ப மாட்டேன். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் போடுகிறார்கள். குளவி கொட்டின மாதிரி சுரீரென்று ஒரு அரை நிமிஷம், அப்புறம் ஒன்றும் இல்லை. 'எறும்பு கடிச்ச மாதிரி' என்று சொன்ன நர்ஸ் தம்பிக்கு அங்கே ஊசி போட்டுக்கொண்ட அனுபவம் இருக்காது என்று நினைக்கிறேன். பிறகு மார்பை லேசாகத் தேய்த்துவிடச் சொன்னார்கள், கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேமராவுக்கு அடியில் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். கறுப்புத் திரையில் ஊசி போட்ட இடம் ஒரு பெரிய பொட்டு, அக்குள் பக்கம் இரண்டு சின்னப் பொட்டு. அதைக் காட்டிய டெக்னீஷியன் பெண், "இதோ உங்க காவல்காரங்க, அக்கா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்தப் பிரிவுக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தருகிறேன். காத்திருந்த இரண்டேகால் மணி நேரத்துக்கு ஒன்று கழித்தாயிற்று.

மறுநாள் தியேட்டரில், மயக்கம் கொடுத்த பிறகுதான் நீல ஊசி. எங்கள் மருத்துவமனையில் மெத்திலீன் புளூ. அதற்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டார், நீங்களும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ஜி6பிடி என்கிற நொதிக் குறைபாடு இருக்கிறதா. சில மனச்சோர்வு மாத்திரைகளோடு இந்தச் சாயம் ஒத்துப்போகாது. கர்ப்பிணிகளுக்கு இந்தச் சாயம் போடுவதில்லை. இன்னொன்றும் சொன்னார், சாயம் ரத்தத்தில் கலந்ததும் விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கிளிப் கொஞ்ச நேரம் பொய்யாகக் குறைத்துக் காட்டும், அது எங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டார் மானிட்டரைப் பார்த்துப் பதற வேண்டாம் என்று. நல்ல மனிதர். ஐந்துக்கு ஐந்து.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை, டாக்டர் பிறகு சொன்னது: அக்குளில் இரண்டு அங்குல வெட்டு, பேனா மாதிரி ஒரு கருவியை உள்ளே காட்டினால் கதிரியக்கம் உள்ள கணுப் பக்கம் போகப்போக ஓசை கூடும். காமா புரோப் என்கிறார்கள். ஓசை எழுப்புகிற கணு, நீலமாக இருக்கிற கணு, கைக்குத் தடித்துத் தட்டுப்படுகிற கணு, இவை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். எனக்கு மூன்று வந்தன. அதை உடனே நோய்க்குறியியல் பிரிவுக்கு அனுப்பி, உறையவைத்து மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள், ஃப்ரோஸன் செக்‌ஷன் என்று பெயர். அந்த அரை மணி நேரத்தில் மார்புக் கட்டியை எடுக்கும் வேலை நடந்தது. பதில் 'சுத்தம்'. அக்குளை மூடிவிட்டார்கள்.

இங்கே சம்மதப் படிவம் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ரோஸனில் நோய் தெரிந்தால் அதே மயக்கத்தில் மற்ற கணுக்களையும் எடுப்போம் என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது. அதை எனக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானே படித்துக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததால்தான் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, அக்குள் பக்கம் தடவி டியூப் இருக்கிறதா என்று பார்த்தது. சித்திக்கு இரண்டு வாரம் டியூபும் பாட்டிலும் தொங்கியது, அதை மஞ்சப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். எனக்கு டியூப் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு மறுபடி தூங்கிவிட்டேன்.

மயக்கம் தெளிந்து முதல் தடவை பாத்ரூம் போனபோது நடந்ததை எழுதாமல் விட முடியாது. சிறுநீர் பச்சையும் நீலமுமாக, சொட்டு நீலம் கலந்த பக்கெட் மாதிரி. கூட வந்த மகள் அலறிய அலறலில் பக்கத்து அறைக்காரர் எட்டிப்பார்த்தார். அந்த ஷிஃப்டில் இருந்த நர்ஸுக்கும் தெரியவில்லை, ஓடிப்போய்க் கேட்டுவந்து, "சாயம்தானாம், ரெண்டு நாள்ல போயிடுமாம்" என்றார். போய்விட்டது. கருவட்டத்தை ஒட்டி ஒரு நீலத் திட்டு மட்டும் போகவில்லை, நாலு மாதம் கழித்துத்தான் மங்கியது. தேய்த்துக் கழுவ வேண்டாம், சவுக்காரத்துக்கெல்லாம் அது அசையாது. இதை ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இதற்கு ஒரு நட்சத்திரம் போயிற்று.

மறுநாள் வீடு. ஒன்பதாம் நாள் முழு ரிப்போர்ட் வந்தது. மூன்று கணுவில் ஒன்றில் 0.8 மில்லிமீட்டர் அளவில் நோய்த் துகள். ஃப்ரோஸன் சுத்தம் என்றதே!

அந்த இரண்டு நாளை எப்படிக் கடந்தேன் என்று எழுத இது இடமில்லை. விமர்சனத்துக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். ஃப்ரோஸன் என்பது அவசரப் பார்வை, சின்னத் துகள் அதில் தப்பிவிடும், பாரஃபின் மெழுகில் பதித்து நிதானமாகப் பல அடுக்காகச் சீவிப் பார்க்கும்போதுதான் தெரியும். 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஒரு கணக்கு, 0.2 முதல் 2 வரை இருந்தால் மைக்ரோ என்று வேறு கணக்கு. இது ஃப்ரோஸன் செய்தவரின் தவறு இல்லை என்று இப்போது புரிகிறது. ஆனால் 'சுத்தம்' என்று வீட்டாரிடம் சொன்ன அந்த நிமிஷமே 'இப்போதைக்கு' என்று ஒரு சொல்லையும் சேர்த்திருக்க வேண்டும். அந்தச் சொல் இல்லாததால்தான் என் மகன் டாக்டர் அறையில் குரலை உயர்த்தினான்.

நான் இரண்டாவது ஆபரேஷனுக்கு மனதைத் தயார் செய்துகொண்டு போனேன். டாக்டர் தேவையில்லை என்றார். மைக்ரோ அளவு நோய் உள்ள 934 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013ல் வெளிவந்ததாம், அக்குளை வழித்தவர்களுக்கும் வழிக்காதவர்களுக்கும் வித்தியாசமில்லை. மைக்ரோவை விடப் பெரிதாக இருந்தாலுமே, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு கணுவில் நோய் இருப்பதற்காக மொத்தத்தையும் எடுக்கவேண்டியதில்லை என்பது 891 பெண்கள் சேர்ந்த இசட் 0011 ஆய்வில் வந்துவிட்டது. பத்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், சென்டினல் மட்டும் எடுத்தவர்களில் 86.3 சதவீதம், வழித்து எடுத்தவர்களில் 83.6. நான் கேட்டேன், அப்படியானால் அந்தப் படிவத்து வரி எதற்கு, ஃப்ரோஸனில் இந்தத் துகள் தெரிந்திருந்தால் அன்றைக்கே வழித்திருப்பீர்களா என்று. கொஞ்ச நேரம் யோசித்து, "உங்களுக்கு வழித்திருக்க மாட்டோம். படிவம் பழசு, எல்லாருக்கும் பொதுவாகப் போட்டது" என்றார். நேர்மையான பதில். படிவத்தை மாற்றுங்கள் டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன். 15 தடவை கதிர்வீச்சு, தினம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான் மீதி சிகிச்சை.

பி-32 ஆய்விலேயே, சென்டினல் சுத்தம் என்று வந்து பின்னால் உள்ள கணுவில் நோய் இருந்தது நூற்றுக்குப் பத்துக்குக் கொஞ்சம் கீழே, சரியாகச் சொன்னால் 9.8 சதவீதம். அக்குளில் நோய் இருக்கிற நூறு பேரில் பத்துப் பேருக்குப் பரிசோதனை ஏமாற்றிவிடுகிறது என்று அர்த்தம், பரிசோதனை செய்துகொள்கிற நூறு பேரில் பத்து என்று இல்லை. இந்த வித்தியாசம் புரிய எனக்கு மகள் காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டவேண்டியிருந்தது. அப்படி ஏமாற்றினாலும், மருந்தும் கதிர்வீச்சும் சேர்வதால் பிற்பாடு அக்குளில் நோய் திரும்புவது மிகவும் அரிது.

இனி கை. மூன்றாவது வாரம் கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் ஒரு நூல் விறைத்து நின்றது. ஜார்ஜெட் துணியில் ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் வரிசையாகச் சுருங்குமே, அதே மாதிரி. தையல் பிரிந்துவிட்டது என்றே நினைத்தேன். கார்டிங் என்கிறார்கள், இந்தச் சின்ன ஆபரேஷனுக்குப் பிறகும் வரும், ஆபத்தில்லை, பயிற்சியில் போய்விடும். எனக்கு ஐந்து வாரத்தில் போனது, பிஸியோதெரபிஸ்ட் அம்மாவின் புண்ணியம். ஆனால் அவரிடம் போகச் சொன்னது மருத்துவமனை இல்லை, என் வாடிக்கையாளர் ஒருவர். இதற்கும் ஒரு நட்சத்திரம் போகிறது. மேல் கையின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.

கை வீக்கம் அறவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆல்மனாக் என்ற பிரிட்டிஷ் ஆய்வில் ஒரு வருஷம் கழித்துக் கை வீக்கம் இருப்பதாகச் சொன்னவர்கள், சென்டினல் மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், வழக்கமான அக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 13. குறைவு, பூஜ்யம் இல்லை. அதனால் மாதம் ஒரு தடவை இன்ச் டேப்பால் அளக்கிறேன், முழங்கைக்கு மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ., இரண்டு கையிலும், காலையில் மெஷினில் உட்காருவதற்கு முன்னால். 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். டேப்பை இறுக்காமல் தொய்யாமல் பிடிக்க என்னை விட யாருக்குத் தெரியும்?

காசு விஷயம். ஐசோடோப் (அந்தக் கதிரியக்க மருந்துதான்) ஊசிக்கும் படத்துக்கும் ஒரு வரி, ஃப்ரோஸனுக்கு ஒரு வரி, காமா புரோப் வாடகை என்று ஒரு வரி. மெத்திலீன் புளூதான் பில்லிலேயே மலிவான வரி, காட்டன் ரோலுக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருந்தது. எல்லாம் சேர்த்து நல்ல பழைய பவர் மெஷின் ஒன்று வாங்கலாம். ஆனால் சித்தி இந்தப் பதினாறு பதினேழு வருஷத்தில் அழுத்தக் கைவுறைக்கும் காய்ச்சல் ஊசிக்கும் செலவழித்ததோடு ஒப்பிட்டால் இது கணக்கிலேயே வராது. புரோப்பும் ஐசோடோப்பும் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டேன். நீலச் சாயம் மட்டும் வைத்துச் செய்கிறவர்கள் உண்டாம், ஐசிஜி என்ற பச்சைச் சாயத்தைத் தனிக் கேமராவில் பார்த்துச் செய்கிறவர்களும் உண்டு. மும்பை டாடா மெமோரியலில் அக்குளின் கீழ்ப்பகுதியில் உள்ள கொழுப்பையும் கணுக்களையும் மட்டும் எடுத்துப் பார்க்கிற லோ ஆக்ஸிலரி சாம்ப்ளிங் என்ற முறையைச் சோதித்து, நம் நாட்டு நிலைமைக்கு அதுவும் சரிப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆக, கருவி இல்லை அதனால் மொத்தமாக வழிக்கிறோம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைப் பார்ப்பது நல்லது.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். அக்குளில் நோய் இருப்பது ஏற்கெனவே ஊசி வைத்துப் பார்த்து உறுதியாகியிருந்தால் கதை வேறு, கீமோ முடிந்த பிறகு செய்வதற்குத் தனி விதிகள், மார்பு முழுக்கச் சிவந்து வீங்குகிற வகைப் புற்றுநோய்க்கு இது செய்வதில்லை. மறுபக்கம், கட்டி 2 செ.மீ.க்குள், ஸ்கேனில் அக்குள் சுத்தம் என்றால் சிலருக்கு இந்த ஊசியும் வெட்டும்கூட வேண்டாம் என்கிற நிலைமை வந்துவிட்டது. 2023ல் சவுண்ட் என்ற ஆய்வும் அடுத்த வருஷம் இன்செமா என்ற ஆய்வும் அதைத்தான் சொல்லின. என் கட்டி 2.6, எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. உங்களுடையது சின்னது, வயது 50க்கு மேல், மாதவிடாய் நின்றுவிட்டது என்றால் 'எனக்கு இது அவசியமா' என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

ஆபரேஷனுக்கும் டாக்டருக்கும் ஐந்துக்கு நாலரை. நோயாளிக்கு விஷயத்தைச் சொல்லும் விதத்துக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் அந்த டெக்னீஷியன் பெண்ணுக்காகவும் மயக்க மருந்து டாக்டருக்காகவும்.

14 மாதம் ஆயிற்று. இந்த மாத அளவு: வலது கைச்சுற்று 12¼ அங்குலம், இடது 12. வலது கைப் பழக்கக்காரிக்கு அந்தக் கால் அங்குலம் ஆபரேஷனுக்கு முன்பே இருந்தது, பழைய நோட்டில் எழுதியிருக்கிறேன்.